தலையில் ஏறிய அட்டைக்கட்டு

ஸ்லிவென் நகரத்துச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் கிங்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். தங்கை யோர்தான்கா சனிக்கிழமைதோறும் எடுக்கும் ஆங்கில வகுப்புக்குச் சொல்லட்டைகள் வெட்டுவது அவள்தான். சட்டைப் பெட்டி அட்டையை அளவுகோல் வைத்து நறுக்கி, கையில் குத்தாதபடி நான்கு மூலையையும் மழுக்குவாள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். வாரம் பன்னிரண்டு. வகுப்பில் சொல்லத் தவறிய அட்டை மறுவாரம் கட்டின் மேலே வந்து உட்காரும். பதினோரு வருடமாக இப்படித்தான். தங்கையிடம் படித்த எத்தனை பெண்கள் இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள் என்பதை, யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவாள்.

ஸ்தோய்னா மட்டும் தேறவில்லை. ஐம்பத்திரண்டு வயது, வேலை பார்த்த தக்காளி ஆலையும் மூடிவிட்டது. இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கணினித் திரையில் முகம் பார்த்து நடத்தும் ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"முடியலக்கா," என்று யோர்தான்கா மேசையில் சாய்ந்தாள். "எல்லா வார்த்தையும் அவளுக்கு அத்துப்படி. அங்க போனா சுழிதான் வருது."

"அங்க எப்படிக் கேப்பாங்க?"

"அந்த இங்கிலாந்துக்காரன் படத்தக் காட்டி, தெரியுமான்னு கேப்பான். தெரிஞ்சா சொல்லணும். தெரியலன்னா அடுத்த படம்."

அடுத்த சனிக்கிழமை கிங்கா வகுப்புக்கு வந்து, தலையணைப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"தெரியுமா?"

ஊரில் எல்லோரும் ஆமாம் சொல்வதுபோல ஸ்தோய்னா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பிறகுதான் மூச்சை இழுத்துச் சொல்லைத் தேடினாள். அதற்குள் கிங்கா அடுத்த படத்தை எடுத்துவிட்டாள்.

"நான் இன்னும் வாயே தெறக்கலியேக்கா."

"உன் தலை முந்திக்கிச்சே. அவன் ஊர்ல இப்படி ஆட்டினா தெரியாதுன்னு அர்த்தம்."

"மொத வாரமே சொன்னேனே, ஆமான்னா மேலகீழ ஆட்டுன்னு," என்றாள் யோர்தான்கா.

"சொன்னீங்க டீச்சர். பதட்டத்துல இந்தத் தலை எங்க நம்ம பேச்சக் கேக்குது?"

"அப்ப ஆட்டவே வேணாம்," என்றாள் கிங்கா. "நாங்க வாயில குண்டூசியக் கடிச்சிக்கிட்டு, தலைய அசைக்காம நாள் பூரா தைக்கலியா?" அட்டைக்கட்டை எடுத்து ஸ்தோய்னாவின் தலையில் வைத்தாள். "விழுந்தா மொதல்லேர்ந்து."

முதல் நாள் ஒன்பது முறை விழுந்தது. குனிந்து பொறுக்கியவர்களுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. "என் தலையில ஒரு கடையே வைக்கலாம்," என்றாள் ஸ்தோய்னா, கழுத்தை அசைக்காமல். நான்காம் சனிக்கிழமை கட்டு விழவில்லை.

தேர்வில் விறைத்துப்போய் உட்கார்ந்து நாற்பதுக்கு முப்பத்தொன்று சொன்னாள். தேற முப்பது போதும்.

சேதி கேட்டு வீட்டுக்கு வந்த யோர்தான்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"வர்ற சனிக்கிழமை புதுசா பதினாலு பேரு சேர்றாங்கக்கா. மறுபடி தலையணைலேர்ந்து."

"டீ போடவா?"

யோர்தான்கா கண்ணை மூடியபடி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கிங்கா எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடினாள்.