சாக்கு என்றால் சாக்கு இல்லை

நனைந்த சணல் சாக்கு வெயிலில் காயும்போது ஒரு வாசம் வரும்... மளிகைக்கடையும் மண்ணும் கலந்த மாதிரி. இன்று காலை பால்கனியில் அந்த வாசம் வந்ததும், கல்யாணமான புதிதில் ஓசூரில் குடியிருந்த மாடி வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"ஓசூர் குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லித்தான் என்னைக் கோவில்பட்டியிலிருந்து அனுப்பி வைத்தார்கள். வந்து பார்த்தால் மேற்குப் பார்த்த பால்கனி. மதியத்துக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது!

அம்மா வீட்டு மல்லிப் பதியனை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தேன். கூட ஒரு கறிவேப்பிலை, ரெண்டு ரோஜா. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்குத் துணை அவைதான்.

இலை வாடினால் மனசு கேட்காது. காலையும் மாலையும் பக்கெட்டோடு ஊற்றுவேன். பாதித் தண்ணீர் பால்கனி ஓட்டை வழியாக நேரே கீழே போகும்... ஹவுஸ் ஓனர் லட்சுமம்மா காயவைத்திருக்கும் ராகி மேல்.

அந்தக் கோடையில் போர்வெல்லும் கைவிரித்தது. ஒருநாள் லட்சுமம்மா இவரைக் கேட்டிலேயே நிறுத்தி, "இன்னொரு வாட்டி மேலேர்ந்து நீரு வந்தா வேற வீடு பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது ஆறாம் மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீடு தேடுவதா? "செடிய யாருக்காச்சும் குடுத்துருவோமா?" என்றார் இவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பயந்து பயந்து சொம்பில் ஊற்றினேன். அப்படியும் கொஞ்சம் வழிந்துவிட்டது. உடனே கீழிருந்து குரல்...

"சாக்கு! சாக்கம்மா, சாக்கு!"

லட்சுமம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். எனக்கோ ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சாக்கு தெரியுமே! தண்ணீர் வழியாமல் இருக்க சாக்கு போடச் சொல்கிறார், என்ன இருந்தாலும் நல்ல மனசு என்று நெகிழ்ந்தே போனேன்.

"ஏங்க, அந்தம்மா சாக்கு போடச் சொல்லுதாங்க" என்றேன். நைட் ஷிப்ட் தூக்கத்தில் இருந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் வெங்காய மண்டியில் சணல் சாக்கு வாங்கி வந்தார்.

அலசி, கிழித்து, தொட்டிகளைச் சுற்றிக் கட்டினேன். மண் மேலும் ஒரு துண்டு போட்டு மூடினேன். விடிந்ததும் அரிசி கழுவின தண்ணீர் ஆளுக்கு ஒரு டம்ளர், அவ்வளவுதான். சாயங்காலம் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மண் இன்னும் ஈரம்! ஓட்டையில் ஒரு சொட்டு வடியவில்லை.

கொஞ்ச நாள் கீழே சத்தமே இல்லை. அதுவே பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலை, லட்சுமம்மா படியேறி வந்தார். போச்சு, காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ தொட்டிகளையே பார்த்தார்.

"ஏனம்மா இது? செடிக்கெல்லாம் சட்டை போட்டிருக்கே?"

"நீங்கதானே சாக்கு சாக்குன்னு சொன்னீங்க..."

ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்!

"அய்யோ ராமா! எங்க பாஷையில சாக்குன்னா போதும்னு அர்த்தம்மா. ஊத்துனது போதும்னு கத்துனேன்!"

"அப்ப வீடு..." என்று இழுத்தேன்.

"இங்கயே இரு. பாப்பா பொறக்கட்டும். என் ராகி நனையாம இருந்தா எனக்கு அது சாக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

இப்போது அதே ஓசூரில் சொந்த ஃபிளாட். போனிலேயே தண்ணீர் திறக்கும் டைமர், டியூப் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கோடையில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். டைமரைக் கழற்றிவிட்டு மறுபடி சாக்கு தேடிப் போனேன். எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக். கடை கடையாக அலைந்து சணல் சாக்கு கிடைத்தபோது அப்படி ஒரு நிம்மதி!

இன்று சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் நிற்கிறது. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், கன்னடம் தண்ணி பட்ட பாடு. வீடியோ காலில் தொட்டிகளைக் காட்டி, "இன்னும் ரெண்டு சாக்கு வாங்கிடட்டுமாடி?" என்று கேட்டேன்.

"சாக்கும்மா... சாக்கு!" என்றாள்.

இந்தத் தடவை சரியாகப் புரிந்தது.