ரிவர்ஸ் எடுக்காத மார்லிஸ்

பிப்ரவரி மாதத்தில், கேரவனில் வருகிறவர்கள் தங்கும் எங்கள் முகாமில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு கேரவன்கூட இருக்காது. ஆபீஸில் நானும் விறகடுப்பும்தான். அந்தச் சமயம் பார்த்துத்தான் மார்லிஸ் டோஃப்டேயிடமிருந்து போன் வரும்.

வடக்கு டகோட்டாவில் மைனாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற கையோடு, டிரக்கின் பின்னால் கோத்து இழுத்துப்போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ள நீளமான கேரவன் ஒன்றை வாங்கிவிட்டாள். கோடை வந்தால் கணவர் ஓரினை ஏற்றிக்கொண்டு எங்கள் கிளேசியர் மலைப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவாள். பூங்கா வாசலுக்கு வெளியே எங்களைப் போல முகாம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். அத்தனை பேருக்கும் போன் போட்டு விசாரித்த பிறகுதான் அவள் ஓர் இடத்தை முடிவு செய்வாள்.

"நெட்டி, உங்க குளியலறைக்குச் செருப்பு போட்டுக்கிட்டு நடந்து போகலாமா, இல்ல பூட்ஸ் வேணுமா?"

"செருப்பே போதும் மார்லிஸ்."

"பக்கத்து வண்டிக்காரன் ஜன்னலைத் திறந்தா என் சாப்பாட்டு மேசை தெரியுமா?"

"நடுவுல மரம் இருக்கு."

"என்ன மரம்? குண்டா, ஒல்லியா?"

இப்படியே முக்கால் மணி நேரம் போகும். கடைசியில், குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் கேட்பதுபோல ஒன்று கேட்பாள். "நேரா உள்ள வந்து, நேரா வெளிய போற மாதிரி இடம் இருக்கா? ரிவர்ஸ் எடுக்கணுமா?"

"கொஞ்சம் எடுக்கணும்."

"கொஞ்சம்னா?"

"ஒரே ஒரு தடவைதான், உள்ள விடறதுக்கு."

"அப்ப சரி நெட்டி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவாள்.

எங்கள் முகாமில் எல்லா இடமும் மரங்களுக்கு நடுவே பின்பக்கமாக விட வேண்டியவை. என் கணவர் வெர்ன் அப்படித்தான் அமைத்தார். ஒரு பைன் மரத்தைக்கூட வெட்ட மாட்டேன் என்று அடம். ஆகவே மார்லிஸ் ஒவ்வொரு வருஷமும் என்னிடம் விசாரித்துவிட்டு வேறெங்காவது போய் இறங்குவாள். ஊருக்குள் மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கட்டிக்கொள்வாள். அவள் தங்கியிருக்கும் முகாமின் குறைகளை எனக்கே சொல்லிப் புலம்புவாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். பெண் பார்க்க வருஷா வருஷம் வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டார் போல.

ஒரு ஜூலையில் அவள் முன்பதிவு செய்திருந்த முகாமில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் இங்கே இடம் கிடைப்பது லேசில்லை. மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு டிரக் வந்து நின்றது. பின்னால் ரயில் பெட்டி மாதிரி கேரவன். மார்லிஸ் இறங்கினாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது நெட்டி. இடம் இருக்கா?"

"பதினாலாம் நம்பர் இருக்கு. இப்பத்தான் ஒருத்தர் வரலன்னு சொன்னார். ஆனா..."

"தெரியும்" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

கேரவன் முகாம்களில் சினிமா கிடையாது. புதிதாக வருகிறவர் ரிவர்ஸ் எடுப்பதுதான் சினிமா. டிரக் பதினான்காம் நம்பர் முன்னால் வந்து நின்றதோ இல்லையோ, சுற்றுப்பட்டவர்கள் மடக்கு நாற்காலியும் பீர் டப்பாவுமாக வெளியே வந்துவிட்டார்கள். ஹோலிஸ் என்ற டெக்ஸஸ்காரர் ஒருவர், எல்லோருக்கும் ஆலோசனை சொல்லும் ஆள், கேரவனுக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் விமான நிலையத்துக்காரர் போல வீச ஆரம்பித்தார்.

"அம்மா, இடது பக்கம் ஒடிங்க! இன்னும்! நான் இருக்கேன், பயப்படாதீங்க!"

மார்லிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓரின் பக்கம் போய், "என்ன ஆச்சு?" என்றேன். ஓரின் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஊரில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். எதிரில் வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் அந்தப் பக்கத்து ஆட்களின் வணக்கம், விசாரிப்பு எல்லாம். அன்று பேசினார்.

"அவ பஸ் ஓட்ட ஆரம்பிச்ச முதல் குளிர்காலம். ஒரு பண்ணை வாசல்ல ரிவர்ஸ் எடுத்தா. ஒரு சின்னப் பொண்ணு கையுறை விழுந்துச்சுன்னு பஸ்ஸுக்குப் பின்னாடி குனிஞ்சிருக்கு. ஒண்ணும் ஆகல. நூலிழையில தப்பிச்சுது. அன்னையிலேருந்து வண்டிய பின்னால எடுத்ததே இல்ல. ரெண்டு மைல் சுத்தி வந்தாலும் வருவாளே தவிர எடுக்க மாட்டா."

இதற்குள் மார்லிஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். வந்த வழியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேராகக் கூட்டத்தின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் நாற்காலிய எடுங்க. எதிர்ப்பக்கம் புல்லு மேல, என் டிரக்குக்கு முன்னாடி, வரிசையாப் போடுங்க. ம், சீக்கிரம்!"

முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கிய குரல் அது. தாடி வைத்த ஆண்களெல்லாம் சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கினார்கள்.

"பின்னாடி ஒருத்தர்கூட நிக்கக் கூடாது. எல்லாரும் என் கண்ணுல தெரியணும். கை ரெண்டும் முழங்கால் மேல. டப்பாவக் கீழ வைங்க தம்பி. ஆமா, உங்களத்தான்."

ஹோலிஸ் மட்டும் பின்னாலேயே நின்றார். "அம்மா, எனக்கு இதுல நல்ல அனுபவம். நான் வழி காட்டுறேன்."

"உக்காருங்க."

"சரிங்கம்மா."

வெர்னையும் என்னையும் சேர்த்தே உட்கார வைத்தாள். தலைகளை எண்ணிவிட்டு ஏறப் போனவள் நின்றாள். "ஒருத்தர் குறையுறார். அந்த டெக்ஸஸ்காரர் எங்க?"

ஹோலிஸ் அதற்குள் நழுவிக் கழிப்பறைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை மொத்தப் பேரும் முழங்காலில் கை வைத்தபடி காத்திருந்தோம். யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஹோலிஸ் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து உட்கார்ந்தார்.

"கிளம்புறதுக்கு முன்னாடியே போயிட்டு வரணும்னு தெரியாதா?" என்றாள்.

"மறந்துட்டேம்மா."

பின்னால் நிற்க ஓரினுக்கு மட்டும் அனுமதி. அதுவும் தள்ளி, கண்ணாடியில் முழு உருவமும் தெரிகிற இடத்தில். அவர் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, மறு கையில் ஒரே ஒரு விரலை மார்புக்கு நேரே பிடித்தார். விரல் இடப்பக்கம் சாய்ந்தது. கேரவன் இடப்பக்கம் சாய்ந்தது. விரல் நிமிர்ந்தது. வண்டி நிமிர்ந்தது. அறுவடைக் காலத்தில் எத்தனை டிரக்குகளுக்கு அந்த விரல் வழி காட்டியிருக்குமோ! மார்லிஸின் வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜபமா திட்டா என்று தெரியவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளைப் பெட்டி அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. பிறகு புதர் நெரியும் சத்தம். விரல் மடங்கியது. வண்டி நின்றது.

கோணல்தான். வால் பாதி ஹக்கிள்பெர்ரி என்னும் காட்டுப்பழப் புதருக்குள் இருந்தது. நாங்கள் கைதட்டினோம்.

"எழுந்திருக்கலாம்னு நான் இன்னும் சொல்லலையே!" என்றாள் ஜன்னல் வழியாக. பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஓரின் கதவைத் திறந்து அவள் முதுகில் கை வைத்தார்.

அன்று சாயங்காலம் ஹோலிஸ் மரத்துண்டுகளோடு போய், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து வண்டியைச் சமன் செய்து தருவதாகச் சொன்னார். மேசையில் முட்டையை வைத்தால் உருண்டு போய்விடுகிறது என்று ஓரினுக்குக் குறை. மார்லிஸ் ஒப்பவில்லை. "நிக்குதுல்ல? யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். முட்டைகளைக் கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஓரின் ஆபீஸுக்கு வந்து பூங்காவின் சிவப்பு பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். கூரை திறந்த பழைய பஸ்கள் அவை. 'சூரியனுக்குப் போகும் பாதை' என்று பெயர் வைத்த மலைச்சாலையில் கணவாய் வரை ஏறி இறங்கும். வழக்கமாக மார்லிஸ்தான் அந்தப் பாதையில் டிரக்கை ஓட்டுவாள்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. நேத்து அவ ரிவர்ஸுக்குப் பயந்தா, இன்னைக்கு இதை அவகிட்ட சொல்ல நான் பயப்படுறேன்" என்றார்.

"இன்னொருத்தன் ஓட்டுற பஸ்ல நான் உக்காரணுமா?" என்று அவள் கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டது. ஆனால் போனாள்.

இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. "நெட்டி, அந்த ரோட்டுல நான் எத்தனை வருஷம் போயிருக்கேன்! நான் பாத்ததெல்லாம் மஞ்சக் கோடும் முன்னாடி போற வண்டியோட பின் விளக்கும்தான். பக்கவாட்டுல ஒரு உலகமே இருக்குடி! சுவரு முழுக்கத் தண்ணியா வழியுது. ஒரு மலையாடு குட்டியோட நிக்குது, என்னையே பாக்குது."

"நான் சொல்லிட்டேதான் இருந்தேன்" என்றார் ஓரின்.

"நீ சொன்னா நான் திரும்பிப் பாக்க முடியுமா? பள்ளத்துல விட்டிருப்பேனே!" என்றவள் உடனே என் பக்கம் திரும்பினாள். "டிரைவர் பரவால்ல. வளைவுல மட்டும் கொஞ்சம் சீக்கிரமா பிரேக் போடுறான். சொல்லிட்டு வந்தேன்."

அதற்கு அடுத்த நாளும் பஸ்ஸில் போனார்கள், இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத்து இருக்கையில். ஒரு வாரம் என்று வந்தவர்கள் ஹக்கிள்பெர்ரி பழுக்கிற வரை இருந்தார்கள். தன் வண்டி நசுக்கிய புதரிலேயே பழம் பறித்து, மாவுக்குள் வைத்து அவள் சுட்ட 'பை' பலகாரத்தைத்தான் ஹோலிஸ் வீட்டார் இரண்டு நாள் சாப்பிட்டார்கள்.

குளிர்காலத்தில் போன் வந்தது. கேரவனை விற்றுவிட்டார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வாடிக்கைக்காரி!

"ரயில்ல வரோம். ஜன்னல் சீட்டு சொல்லிட்டேன். நீ ஆத்தோரத்துல ஒரு மரக்குடில் வச்சிருக்கல்ல, அதை எனக்குக் குடு" என்றாள்.

"அதுல தண்ணிக் குழாய் கிடையாது மார்லிஸ். ராத்திரி எலி ஓடும்."

"ஓடட்டும்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலையில் வெர்ன் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தார். ஓரின் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு குடிலுக்கு நடந்தார். மார்லிஸ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பின்னால் போனாள். மைனாட்டில் ஏறியதிலிருந்து ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாளாம், கழுத்து பிடித்துக்கொண்டது. நான் வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்தேன்.