வெட்டாமல் விட்ட கேபிள்

ஆவடிக்கு அப்பால் காட்டுச் சாலையை அகலப்படுத்திய ஆண்டின் ஐப்பசியில், ஒரு மாலை அவரைப் பார்த்தேன். நரைத்த மீசைக்காரர், கேபிள் டிவி ஆள். சாலைக்கு மேலே தொங்கிய பழைய கேபிள்களை வெட்டி இறக்கியவர், ஒன்றை மட்டும் தொடவில்லை.

"இதுல டிவி வருதா?" என்றேன்.

"அது செத்துப் பல நாளாச்சு சார். முன்னாடி ரெண்டு பக்க மரமும் மேல ஒண்ணா சேந்துகினு இருந்திச்சு. கெளைய எல்லாம் வெட்டிட்டாங்களா, மரநாயி ரோட்ல எறங்கி லாரில மாட்டிக்குது. இன்னா பண்ணும் பாவம்? பேசாம மேல பாரு சார்!"

குட்டியைக் கவ்விய மரநாய் ஒன்று அந்தக் கேபிளில் அடியெடுத்து வைத்தது. கீழே லாரிகள் இரைந்தன. நடுவழியில் கேபிள் தொய்ந்து ஆடியது. சாலையோரத்தில் நின்ற அவர், பிடிக்கப் போகிறவர்போல இரு கைகளையும் ஏந்தினார். எதிர்ப்பக்க மரத்தில் அது மறைந்த பிறகும் அந்தக் கைகள் தாழவில்லை.