நடுக்குளத்தில் மூச்சு வாங்கிய எஞ்சின்

போன வியாழக்கிழமை முழுக்க நான் துடுப்புப் போட்டேன். அதுவும் எதில்? எஞ்சின் பூட்டிய போட்டில்!

தோள் இரண்டும் இன்னும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

என் தங்கை புஷ்பத்தின் கணவர் சிவலிங்கம், மாத்தளை மாவட்டத்தில் நாவுலப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் போட் ஓட்டுகிறார். அக்கரையில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவர்களின் பூசணி, கத்தரி, வாழைக்குலை எல்லாவற்றையும் இக்கரைக்குக் கொண்டுவருவது அவர் வேலை. இக்கரையில் சனிக்கிழமைதோறும் தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற லொறி நிற்கும். பிந்தினால்... நிற்காது.

எஞ்சின் பழசு. சிலாபத்தில் ஒரு மீனவர் போதும் போதும் என்று விற்றது. ஆனாலும் ஓடியது. கொஞ்ச நாளாகத்தான் கோளாறு. கரையில் கயிற்றை இழுத்தால் சிங்கம்! பாதித் தூரம் போனதும் சத்தம் இறங்கும்... வேகம் குறையும்... நடுக்குளத்தில் படுத்துவிடும்.

அதற்கு முந்திய சனிக்கிழமை லொறி போயே போய்விட்டது. கத்தரிக்காய் எல்லாம் வெயிலில் வாடியது. அக்கரை ஆட்களுக்காகப் பேசும் சோமபால, மச்சானிடம் சிங்களத்தில், 'மல்லி' என்று தம்பி முறை சொல்லியே, நேராகச் சொல்லிவிட்டார்: "கோபம் இல்லை சிவா மல்லி. ஆனால் இந்தச் சனிக்கிழமையும் லொறி போய்விட்டால் நாங்கள் வேறு போட்தான் பார்க்க வேண்டும்."

மச்சானுக்கு வேறு தொழில் கிடையாது. தோட்டத்தில் பேர் பதிந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தப் போட்டை வாங்கினார்.

சிலாபத்துக்கே கொண்டுபோய்க் காட்டினால் என்ன? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"போன வருசம் சர்விஸுக்குக் கொண்டுபோனேனே மச்சான்... மறந்துட்டீங்களா?"

மறப்பேனா? சாக்கில் சுற்றிய போட் எஞ்சினோடு ஒரு தமிழர் பஸ்ஸில் ஏறினால் இந்தக் காலத்தில் என்ன நடக்கும்? முதல் இராணுவச் சென்றியிலேயே சோதனைக்கு இறக்கிவிட்டார்கள். "மாத்தளையில் கடல் எங்கே இருக்கிறது?" என்பது முதல் கேள்வி. கிராம சேவகர் வந்து சாட்சி சொல்லி, ஆள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று புஷ்பம் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சின் இனிக் குளத்தைவிட்டு எங்கேயும் போகக்கூடாது என்பது அவள் உத்தரவு.

"நானே கண்டுபிடிக்கிறேன்" என்றார் மச்சான். "ஒண்ணொண்ணாப் பார்ப்போம். எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டுனா எது கெட்டுச்சுன்னே தெரியாமப் போயிரும்."

பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினார். ஓட்டினோம் — நின்றது. காப்ரேட்டரைப் பிரித்து ஊதினார். ஓட்டினோம் — நின்றது. பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். சுத்தம். தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் பாசி ஏதும் மாட்டியிருக்கிறதா? இல்லை. மறுபடி ஓட்டினோம்... மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தது யார்? சாட்சாத் இந்தப் பத்தி எழுத்தாளன்தான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கரைக்கு வந்ததும் டாங்க் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்போம். மூடுவோம். கயிற்றை இழுத்தால் மறுபடி சிங்கம்!

"இது கண்ணூறுதான் அண்ணே. அக்கரையில யாரோ ஒருத்தரு பார்வை சரியில்ல" என்றாள் புஷ்பம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, டாங்க் மூடியில் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். சரஸ்வதி பூசைக்குத் தொடங்கியது... அன்றிலிருந்து வெள்ளி தவறுவதில்லை.

மறுநாள் லொறி வரும். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "மச்சான், எங்கயாவது எஞ்சின் ஒண்ணு இரவல் கேட்டுப் பார்ப்போமா?" என்று இழுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏறுங்க" என்றார்.

எனக்கு எரிச்சல்தான். ஏறினேன்.

நடுக்குளம். சத்தம் இறங்கத் தொடங்கியது.

"கரையில தேடித்தான் அம்புடல. ஓடிக்கிட்டிருக்கிறப்பவே புடிக்கணும்" என்றார் மச்சான். "அந்த ரப்பர் பம்பைத் தொட்டுப் பாருங்க!"

டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போகும் குழாயின் நடுவே இருக்கும் குமிழைத்தான் சொன்னார். தொட்டேன். அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தது.

"ஒட்டிப் போயிருக்கு மச்சான்!"

"டாங்க் மூடியத் திறங்க... சீக்கிரம்!"

திருகினேன். ஸ்ஸ்ஸ்... என்று காற்று உள்ளே போனது. குமிழ் உப்பியது. செத்துக்கொண்டிருந்த எஞ்சின் எழுந்து உறுமியது!

மச்சான் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டும். போகாவிட்டால் எஞ்சினால் பெற்றோலை உறிஞ்ச முடியாது. அதற்காக மூடியில் ஓர் ஊசித் துவாரம் உண்டு. எங்கே அந்தத் துவாரம்? வாராவாரம் அப்பிய சந்தனம் காய்ந்து, சிமெந்தாக இறுகி... அதற்கு மேல் அன்று காலைக் குங்குமம்!

போட் ஆடும் அளவுக்கு இருவரும் சிரித்தோம். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"மச்சான்... இதைப் புஷ்பத்துக்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதானே அண்ணன்!"

"நீங்கதானே புருசன்!"

நம் ஆட்கள் ஒன்றின்மேல் அன்பு வைத்துவிட்டால் உடனே அதை மூடிவிடுகிறோம். டி.வி.க்கு உறை, ரிமோட்டுக்குப் பொலித்தீன், புழுங்குகிற மத்தியானத்தில் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி... உள்ளே இருப்பது மூச்சுவிட வேண்டாமா?

கடைசியில் மச்சான்தான் சொன்னார். புஷ்பத்தின் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இவ்வளவு நாளும் நாந்தான் நிப்பாட்டிக்கிட்டு இருந்தேனா?"

"சேச்சே! நீ சாமிய வேண்டுனதாலதான் எனக்குக் கோளாறே அம்புட்டுச்சு" என்று மச்சான் அவசரமாகச் சமாளித்தார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஊசியை எடுத்துத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்தாள். வாயால் ஊதியும் பார்த்தாள்.

சனிக்கிழமை போட் நிற்கவே இல்லை. கடைசிப் பூசணியும் ஏறிய பிறகுதான் லொறி புறப்பட்டது. "அடுத்த வாரம் மூட்டை கூட இருக்கும் மல்லி, நேரத்தோடு வா" என்றார் சோமபால. மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை மட்டும் இல்லை.

அப்போது பார்த்தால், கையில் சந்தனக் கிண்ணத்தோடு புஷ்பம் கரையில் இறங்கி வருகிறாள்! நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் டாங்கைத் தாண்டிப் போனாள். எஞ்சினின் முன்பக்கத்தில், நடுவாக, அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

"என்ன முழிக்கிறீங்க ரெண்டு பேரும்? பொட்டுன்னா நெத்தியில வைக்கிறது. மூக்குல வச்சது என் தப்புத்தான்!"