படுக்கவிடாத நடைவண்டி

முதல் முறை நான் தனியாக விழவில்லை. என் மனைவி செல்லத்தாயையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். தாயில்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறப் போகிற வழி. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரக்கைச் சோதிக்க ஒரு வெடி வைத்தார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தபோது, என் முழங்கை அவள் பிடரியை மண்ணோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவள் மூக்கிலிருந்து ரத்தம். அவளுடைய வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது.

வயசாகிவிட்டது, தலைசுற்றல் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு செல்லத்தாய் என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் நடந்தாள். சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளி நின்றே நீட்டினாள். அவள் கை ஒடிந்ததை ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை.

இரண்டாவது முறை, தெருவில் போன கல்யாண ஊர்வலத்தில் வேட்டுப் போட்டார்கள். நான் வாசல் சிமெண்டுத் தரையில் பாய்ந்தேன். தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக் கிண்ணத்தோடு சேரும் குறுகலான பகுதி) முறிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை. காதைச் சோதித்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"விழுறதுக்கு முன்னாடி கண்ணு இருட்டுதா, அய்யா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய் சொன்னாள்: "இவுக விழல டாக்டர். படுக்குறாக."

அவளை முறைத்தேன். ஆனால் அதுதான் என் நோய்.

வேலைக்காலம் முழுவதும் பட்டாசு காயவைக்கும் மேடையில் நான் போர்மேன். சத்தம் கேட்டால் அறைக்குள் இருப்பவர்கள் வெளியே ஓட வேண்டும். வெளியே நிற்கும் நாங்கள் பக்கத்தில் இருப்பவரையும் தள்ளிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். படுக்காத ஒருவனைத் தெரியும். என்ன ஆச்சு என்று நின்று பார்த்தான். பறந்து வந்த கூரைத் தகரம் அவன் கழுத்தைச் சீவிக்கொண்டு போயிற்று. அதன்பிறகு புதிதாக வருகிறவர்களைப் பிடரியில் அடித்தே படுக்கப் பழக்கினேன்.

இது அனிச்சைச் செயல் (மூளையைக் கேட்காமல் உடம்பே செய்துகொள்வது) என்றார் டாக்டர். "எலும்புப்புரையும் இருக்கு (எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிப்போவது). இன்னொரு தடவை இப்படிப் பாய்ஞ்சீங்கன்னா படுத்த படுக்கைதான்."

சிகிச்சை மையத்திலிருந்து ரோபோ நடைவண்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் என்னைச் சுற்றி நிற்கும். இடுப்பிலும் தொடையிலும் வார். நடந்தால் மோட்டார் கூடவே உருட்டி வரும். உடம்பு சாய்வது தெரிந்த கணமே சக்கரம் பூட்டிக்கொள்ளும், வார் இறுகித் தூக்கிப் பிடிக்கும். அதற்குப் போர்மேன் என்று பேர் வைத்தேன். எனக்கு மேல் ஒரு போர்மேன்!

சத்தத்துக்கு நிற்க உடம்பைப் பழக்க வேண்டும் என்றார்கள். செல்லத்தாய் எட்ட நின்று தகர டின்னைத் தட்டுவாள். நான் பாய்வேன். வார் விலாவில் வெட்டும். தோல் கன்றிக் கறுத்தது. ஒருநாள் சட்டத்தை ஓங்கிக் குத்தியதில் விரல் கிழிந்தது.

"நிறுத்துடி, கொன்னுபோடுவேன்!"

"கொல்லுங்க. மொதல்ல நிக்கப் படிங்க," என்று மறுபடி தட்டினாள்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று வந்தால் நீங்கள் அதை வெறுப்பீர்கள். வெறுத்துக்கொண்டே மாட்டுங்கள். வாருக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் தோன்றியது.

ஒரு காலை தெருவில் நடந்துகொண்டிருந்தோம். அவள் வழக்கம்போல் எட்டத்தில். மேற்கே கரிசல் காட்டைத் தாண்டி ஒரு கம்பெனி வெடித்தது. காலடியில் தரை உதறியது. நான் பாய்ந்தேன். வார் பிடித்தது. முண்டினேன், கொக்கியைப் பிய்க்கப் பார்த்தேன், காட்டுக்கத்தலாகக் கத்தினேன். அது விடவில்லை. மறுபடி வெடித்தது. நின்றபடியே பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தனை வருடத்தில் ஒரு விபத்தையும் அது நடக்கிற கணத்தில் நான் கண்ணால் பார்த்ததில்லை. மண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். புகை குமுறி எழுந்தது. ஓர் அறையின் கூரை முழுசாக மேலே போய், புரண்டு, அதே இடத்தில் விழுந்தது. அதற்கடியில் ஆட்கள் இருந்தார்கள். அன்று காலை வேனில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள். நான் ஓவென்று அழுதேன்.

செல்லத்தாய் என்னிடம் வந்தாள். என் கை எட்டும் தூரத்துக்குள் வந்தாள்.

"இன்னும் வெடிக்கும். தள்ளிப் போ," என்றேன்.

"போகல." ஒடிந்து கூடிய கையைச் சட்டத்துக்குள் நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்ததும் வெடித்தது. என் உடம்பு கீழே போகத் துடித்தது. கை அவள் பிடரிக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றது. அழுத்தவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஊரில் வெடிச்சத்தம் ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் முழங்கால் மடங்கத்தான் பார்க்கிறது. முன்பெல்லாம் சத்தமும் தரையும் எனக்கு ஒன்றாகவே வந்து சேரும். இப்போது இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அதற்குள் பக்கத்தில் யார் என்று திரும்பிப் பார்க்கிறேன். செல்லத்தாய்தான் நடக்கிறாள், தோள் உரசுகிற தூரத்தில்.