முதல் சுவரொட்டி

எங்கள் கடையில் தினமும் அறுக்கிற முதல் ஆட்டின் சுவரொட்டி அப்போதெல்லாம் விற்பனைக்குக் கிடையாது. பத்து வருஷம் அது என் மனைவிக்குத்தான் போனது. ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க இது தெரியும். யாராவது அதைக் கேட்டால், பக்கத்தில் மீன் விற்கிற அம்மாவே, அது பாய் வீட்டுக்குப் போவது, அடுத்த ஆட்டில் வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிடும். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கை அகலம் இருக்கும், கருஞ்சிவப்பு, தொட்டால் விரலில் ஒட்டும். ரத்தம் கம்மியானவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்று இந்தப் பக்கத்தில் எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். நானும் சொன்னேன். கையில் கத்தியோடு சொன்னதால் என் பேச்சுக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல்.

கல்யாணத்தின்போதே அவள் வெளுத்துப்போய்த்தான் இருந்தாள். மருதாணி வைத்த கையில் மருதாணிதான் சிவப்பு, கை சிவப்பில்லை. வலிமா விருந்துக்கு வந்த என் சொந்தக்காரி ஒருத்தி, கறிக்கடைக்காரனுக்குப் போய் ரத்தமே இல்லாத பெண்ணா என்று பந்தியில் எல்லார் காதிலும் விழச் சிரித்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒரே வருஷத்தில் இவள் கன்னத்தைச் சிவக்க வைக்கிறேன் பார் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

விடிந்ததும் முதல் ஆட்டை அறுத்து, சுவரொட்டியைத் தனியே எடுத்து வைப்பேன். வீட்டில் அவள் அதைத் தோசைக்கல்லில் வாட்டி, மேல் தோலை உரித்து, நல்லெண்ணெயும் மிளகும் போட்டு வதக்கிச் சாப்பிடுவாள். ஓடுகிற ரத்தம் எங்களுக்கு ஹராம். ஈரலும் சுவரொட்டியும் ஹலால். படைத்தவனே விட்டுக்கொடுத்த ரத்தம் இது, உடம்பில் ஒட்டாமல் எங்கே போகும் என்பேன். போதாததற்கு மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை. வெளுப்பாக இருக்கிறாள் என்று சொன்னாலே ஒரு அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். ஏன் வெளுப்பாக இருக்கிறாள் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கன்னம் சிவக்கவில்லை. ஆனால் சில வருஷம் கழித்து அவள் நிறம் மாற ஆரம்பித்தது. வெளுப்பின் மேல் ஒரு பழுப்பு ஏறியது. முகமும் புறங்கையும் சாம்பல் கலந்த செம்பு நிறத்துக்கு வந்தன. நான் சந்தோஷப்பட்டேன். ரத்தம் ஊறிவிட்டது, நிறம் ஏறுகிறது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அது ரத்தம் இல்லை, தோலுக்கு அடியில் இரும்பு படிகிறது என்று எனக்கு யார் சொல்லுவார்கள்? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அப்புறம் விரல் கணுக்களில் வலி வந்தது. துணி பிழிய முடியவில்லை என்றாள். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாள். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் கொருக்குப்பேட்டையில் அவள் அக்காவைப் பார்க்கப் போனபோது ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் பாதிப் படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் நான். அவள் அதைவிட லேசாக இருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தநோய்ப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. வயது சின்னதுதான், ஆனால் பார்வையிலேயே ஆளை நிறுத்தி வைப்பார். சோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு, இரும்பு மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான், பத்து வருஷமாக, தினமும் சுவரொட்டியும் கொடுக்கிறேன் என்றேன், ஏதோ நல்ல காரியம் செய்தவன் மாதிரி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். என் மனைவிக்கு இருப்பது தலசீமியாவில் நடுத்தரமான ஒரு வகை. பிறவியிலேயே வருவது. சிவப்பணு சரியாக உருவாகாமல் பாதியிலேயே உடைகிறது. இரும்பு பற்றாததால் வந்த வெளுப்பு இல்லை இது. ஆனால் உடம்பு அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது. இரும்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சாப்பாட்டிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதிகப்படியான இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது.

"ரத்தம் கம்மி, இரும்பு ரொம்ப ஜாஸ்தி. ரெண்டும் ஒண்ணா இருக்கும், பாய். நீங்க பத்து வருஷமா நெருப்புல எண்ணெய ஊத்தியிருக்கீங்க" என்றார்.

இரும்பு மாத்திரை இனி கூடாது, ஈரலும் சுவரொட்டியும் வாயிலேயே படக்கூடாது என்றார். சேர்ந்த இரும்பைப் பிடித்து வெளியேற்ற ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் வெறும் வயிற்றில் கண்ணாடித் தம்ளரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இரும்பு மாத்திரை அட்டைகளை அன்றைக்கே தூக்கி எறிந்தேன். முதல் சுவரொட்டியை மறுநாள் முதல் விற்றேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அவள் நகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை. மெழுகு மாதிரி வெள்ளை. ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியே சொல்கிறது, ரத்தம் ஊறுகிற பொருளையும் அவர்களே நிறுத்தச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம் என்று உள்ளுக்குள் ஒரு வழக்கு ஓடியது. வக்கீலும் நான், ஜட்ஜும் நான். இரும்பு மாத்திரை என்பது மருந்து, அதை நிறுத்தியது சரி. சுவரொட்டி சாப்பாடு. சாப்பாடு எப்படி விஷமாகும்? அதுவும் துண்டு வேண்டாம், வேகவைத்த சாறு மட்டும்.

அதனால் கடை அடுப்பிலேயே நெஞ்செலும்பு சூப் வைக்க ஆரம்பித்தேன். முதல் சுவரொட்டியைக் கீறி அதில் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெஞ்செலும்பு சூப், உடம்புக்குத் தெம்பு என்றேன். கறிக்கடைக்காரன் மனைவிக்குச் சுவரொட்டி வாடை தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சந்தேகம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் ஆறு மாதம் மறைத்தேன்.

அவள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மாத்திரைக் கரைசல் வயிற்றைப் புரட்டும், சில நாள் பேதியாகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் குடித்தாள். நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் குடித்துவிட்டு, அரைமணி நேரம் காத்திருந்துதான் சோற்றில் கை வைத்தாள்.

ஆறாம் மாதச் சோதனையில் இரும்பு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மாத்திரையைச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றாள். தினமும்? தினமும். ஈரல், சுவரொட்டி? தொடுவதே இல்லை. டாக்டரம்மா நம்பவில்லை. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், ஆனால் சோதனைத் தாள் பொய் சொல்லுமா என்றார். ஏமாற்றுவது என்னையில்லை, உன் உயிரை என்றார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லு என்பதுதான் அந்தப் பார்வை. தினமும் மாத்திரை கரைவதைப் பார்க்கிறவன் நான்தானே. எனக்கு வாய் திறக்கவில்லை. சந்தையில் நாலு பேரை ஒரே மூச்சில் திட்டுகிற வாய் அது. பயம், வேறொன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதினார். அப்படி என்னதான் செய்யும் அந்த இரும்பு என்று அப்போதுதான் கேட்டேன். எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் வரிசை பார்த்திருப்பீர்களே என்றார். துறைமுகத்துக்குள் இடமில்லை என்றால் வண்டிகள் ரோட்டில் நிற்கும், வீட்டு வாசலில் நிற்கும். ரத்தத்தில் இரும்பைக் கட்டிக் கொண்டுபோக ஒரு புரதம் இருக்கிறது. அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டால் மிச்ச இரும்பு கட்டில்லாமல் சுற்றி, ஈரல், இதயம், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும் கணையம் என்று அகப்பட்ட இடத்தில் இறங்கும். கட்டில்லாத இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து தாறுமாறான அணுத்துகள்களை உண்டாக்கும். அவை பக்கத்தில் இருப்பதையெல்லாம் கடிக்கும்.

"செல்லோட சுவர் கொழுப்பால ஆனது, பாய். அந்தக் கொழுப்பு காறிப்போகும். அப்புறம் செல்லு சாகும். ஈரல் தழும்பாகும், இதயம் துடிப்பு தப்பும்."

காறிப்போகும் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கடையில் அதே நினைப்பு. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எந்தக் கொக்கியும் தாங்காது. துருப்பிடித்த கொக்கியில் கொழுப்பை மாட்டினால், துரு பட்ட இடத்திலிருந்துதான் முதலில் மஞ்சளாகும், காறல் வாடை வரும். புதுக் கொக்கியில் தொங்குகிற கொழுப்பு அதே வெயிலில் நன்றாக இருக்கும். இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, என் கைக்கே தெரிந்தது. அதனால்தான் கொக்கியை வாரம் ஒரு முறை தேய்க்கிறேன், துரு கண்டதைத் தூக்கி எறிகிறேன். ஆட்டுக் கொழுப்பில் துரு படக்கூடாது என்று இவ்வளவு பார்த்த நான், அவள் நெஞ்சுக்குள் தினமும் ஒரு தூக்கு நிறைய அதையே ஊற்றியிருக்கிறேன். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டினேன். மீன் விற்கிற அம்மா என்ன ஆச்சு என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்கேன் முடிந்து தாள் வர ஒரு வாரம். அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் எனக்கு வேண்டவே வேண்டாம். அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள், "இன்னா மச்சான், சூப்பு கொண்டாறதே இல்ல? அதக் குடிச்சாத்தான் கொஞ்சம் தெம்பா கீது." அடுப்பு ரிப்பேர் என்றேன். இன்னொரு பொய்.

தாள் வந்த அன்று டாக்டரம்மா உறையைப் பிரிப்பதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன். பிரித்த பிறகு என்றால், நல்லதாக வந்துவிட்டால், வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று எனக்கே என்னைத் தெரியும்.

"மேடம், அவ மேல தப்பு இல்ல. அவ ஒரு நாள் கூட வுடாம மாத்திர குடிச்சா. நான்தான் சூப்புல சுவரொட்டி போட்டுக் குடுத்துகினு இருந்தேன். அவளுக்குத் தெரியாது."

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கமே திரும்பவில்லை. என் மனைவியிடம், உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகுதான் உறையைப் பிரித்தார். ஈரலில் இரும்பு நிறையச் சேர்ந்திருக்கிறது. இதயத்திலும் சேரத் தொடங்கியிருக்கிறது. தொடக்கம்தான், இப்போதே நிறுத்தினால், மாத்திரையின் அளவைக் கூட்டினால், மெல்ல இறங்கும். உறுதியாகவா என்று கேட்டேன். இறங்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியாது.

என் மனைவி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். சந்து முனையில் இறங்கி, வீட்டு வாசல் வந்ததும் நின்றாள்.

"சுவரொட்டி குடுத்தத வுடு. நல்லதுன்னு நெனச்சே, குடுத்தே. அந்தம்மா என்னப் பொய் சொல்றியான்னு கேட்டப்ப, நீ பக்கத்துலதான மச்சான் நின்னுகினு இருந்தே?"

கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போனாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரும்பு மூன்று சோதனையிலும் இறங்கியிருக்கிறது. முதல் சுவரொட்டி இப்போது கேட்கிறவர்களுக்குப் போகிறது. எதற்கு வாங்குகிறீர்கள், ரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டால், கடைக்காரன் கேட்கிற கேள்வியா இது என்று முறைக்கிறார்கள். அவளுக்கு இப்போது படி ஏறினால் முன்போல மூச்சு வாங்குவதில்லை. என்னோடு சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், பழையபடி என் கோபத்தைக் கேலி செய்கிறாள்.

காலையில் மாத்திரையைக் கரைப்பது என் வேலை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டியில்லாமல் கலக்கி, அவள் கையில் கொடுப்பேன். வெறும் தண்ணீரும் மாத்திரையும்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணெதிரேதான் கலக்குகிறேன். இருந்தாலும் தம்ளரை வாங்கியதும், தனக்கே தெரியாமல், ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.