பழந்துணி அடைத்த சப்பாத்து

கனடா, மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. வெளியே மைனஸ் இருபத்தேழு டிகிரி. நாளை வடக்கே போகிறேன்; உறைபனிக் காட்டில் ஐந்து நாள் நடை. புறப்படும் முன் புவனேந்திரனைப் பார்க்கச் சொல்லி நண்பன் அனுப்பியிருக்கிறான். திருகோணமலைக்காரர், என் வயதுதான். டோர்வல் விமான நிலையத்தில் வெட்டவெளியில் பெட்டி ஏற்றுகிறவர்.

வேலை முடிந்து வந்தவரும் நானும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறோம். அவருடைய காலுறைகளின் நுனி சப்பையாக மடங்கிக் கிடக்கிறது. உள்ளே விரல்கள் இல்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார்.

"அமெரிக்காவிலயிருந்து எல்லையை நடந்துதான் கடந்தனான். குளிருமெண்டு மூண்டு சோடி சொக்ஸ் போட்டு, இறுக்கமான சப்பாத்துக்குள்ள காலைத் திணிச்சன். நடக்க நடக்க விரலெல்லாம் ஒரே நோவு. பேந்து நோவு நிண்டிட்டுது. கால் சூடாகிட்டுதெண்டு சந்தோசத்தில இன்னும் நடந்தன். விரல் விறைச்சுச் செத்துப்போனது தெரியேல்ல."

என் புதுச் சப்பாத்தைக் கையிலெடுத்து அழுத்திப் பார்க்கிறார்.

"இதுக்குள்ள எத்தினை சொக்ஸ் போடுறியள்?"

"ரெண்டு."

"விரல் அசையுதோ?"

வாங்கிக் காலை நுழைத்துப் பார்க்கிறேன்; விரல்கள் அசையவில்லை.

"உங்களை ஆர் துரத்தினது, காட்டுக்குள்ள நடக்க?"

"யாரும் துரத்தல. ஆசைதான்." சொல்லும்போதே கூசுகிறது.

அவர் தன் வேலைச் சப்பாத்தை எடுத்து, முன்பக்கம் அடைத்திருந்த பழந்துணியை உருவிப் போடுகிறார்.

"இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. எனக்குப் பழசொண்டு கிடக்கு."

போட்டுக்கொள்கிறேன். அவர் குனிந்து சப்பாத்தின் நுனியில் கைவைக்கிறார்.

"இப்ப?"

துணி இருந்த இடத்தில் என் விரல்கள் பத்தும் தாராளமாக அசைகின்றன.